சீன ஏடு படிக்க இணையம் மட்டும் போதுமா? ஹுவாங்ஜி தேடிய கதை

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2023

2000 வருடத்துக்கு முந்தைய சீன வரலாற்று நூலில் காஞ்சிபுரம் இருக்கிறது, பெயர் 'ஹுவாங்ஜி' என்று எங்கள் வாட்சப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. மூலத்தையே பார்த்துவிடலாம் என்று ஆசை. சீனம் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் இப்போதுதான் எல்லாமே நெட்டில் கிடக்கிறதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடியாதா? எந்தத் தளம் என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணா.

3 ஜூன் 2023, இரவு

ஒரு ஞாயிறா! அந்த ஒரு பத்திக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதுவும் எழுத்து பழகி மூன்று வருடம் ஆன பிறகு.

தளம் கேட்டீர்கள். சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட். டொனால்ட் ஸ்டர்ஜன் 2005-இல் தொடங்கியது. கன்பூசியஸ் காலம் முதல் ஹான் காலம் வரையிலான நூல்கள்தான் அதன் பலம். எந்த எழுத்தையும் தொட்டுப் பொருள் பார்க்கலாம். ஒரே வாசகம் வேறு எந்தெந்த நூலில் வருகிறது என்றும் காட்டும். கன்பூசியஸ் உரையாடல்கள் போன்றவற்றுக்குப் பக்கத்திலேயே ஜேம்ஸ் லெக் 19ஆம் நூற்றாண்டில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு நிற்கும். உங்கள் பத்தியில் லெக் கை வைக்கவில்லை. அங்கே நீங்கள் தனியாள்தான்.

நூலின் பெயர் ஹான்ஷு, அதாவது ஹான் அரசமரபின் வரலாறு. பான் கு எழுதியது, 100 இயல். அப்பா பான் பியாவ் தொடங்கி, மகன் எழுதி, மீதியைத் தங்கை பான் ஜாவ் முடித்தாள். குடும்பத் தொழில்.

4 ஜூன் 2023

நேற்று இயல் எண் சொல்ல மறந்தேன். 28, புவியியல் பகுதி. அது நீளம் என்பதால் மேல், கீழ் என்று பிரித்திருப்பார்கள். கீழ்ப்பகுதியின் கடைசிக்குப் போங்கள்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் மூலம் மட்டும்தான் இருக்கும், உரை இருக்காது. பரிமேலழகர் இல்லாமல் குறள் படிக்கலாம். நச்சினார்க்கினியர் இல்லாமல் பத்துப்பாட்டுக்குள் போய்ப் பாருங்கள், தெரியும். ஹான்ஷுவுக்கு 7ஆம் நூற்றாண்டில் யான் ஷிகு எழுதிய உரை உண்டு. அது வேண்டுமென்றால் தைவானின் அகாதெமியா சினிகா 1984-இல் தொடங்கிய முழுநூல் தொகுப்புக்குப் போக வேண்டும். 25 அரச வரலாறுகளும் அங்கே இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது. அதனால் என்ன.

4 ஜூன் 2023, மறுபடியும்

சீன எழுத்தையே இங்கே போடக்கூடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் போனில் அது கட்டம் கட்டமாக வருகிறது. கட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன விளக்குவது?

7 ஜூன் 2023

பத்தியின் சாரம் இது, என் சொற்களில்.

ரினான் எல்லைக் காவல், ஷுவென், ஹெபு (இன்றைய வியட்நாம், தென்சீனக் கரை) ஆகிய இடங்களில் கப்பல் ஏறினால் 5 மாதத்தில் துயுவான். மேலும் 4 மாதம் போனால் யிலுமோ. அப்புறம் 20 நாள் சொச்சம், சென்லி. இறங்கி 10 நாள் சொச்சம் நடந்தால் ஃபுகாந்துலு. அங்கிருந்து கப்பலில் 2 மாதம் சொச்சம், ஹுவாங்ஜி. மக்களின் பழக்கவழக்கம் ஏறக்குறைய ஜுயாவைப் போல. (ஜுயா என்பது ஹைனான் தீவில். காஞ்சிபுரத்தாரை ஹைனான்காரர் போல என்று சொன்ன முதல் ஆளும் கடைசி ஆளும் பான் கு-வாகத்தான் இருக்கும்.) நாடு பெரிது, குடி அதிகம், அரிய பொருள் நிறைய. பேரரசர் வூ காலத்திலிருந்து காணிக்கை வருகிறது. அரண்மனையின் மொழிபெயர்ப்புத் தலைவர், கூட வரச் சம்மதித்த ஆட்களோடு, பொன்னும் பலவிதப் பட்டும் எடுத்துக்கொண்டு கடலில் போய் முத்து, இன்னொரு பொருள், அரிய கற்கள் வாங்கி வருவார். அந்த 'இன்னொரு பொருள்' பெரிய கதை, பிறகு சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. அவர்களை இடம் விட்டு இடம் ஏற்றிப் போனவை அந்நிய வணிகர்களின் கப்பல்கள். அந்த வணிகர்கள் வியாபாரத்தில் லாபம் பார்ப்பார்கள், கொள்ளையடித்து ஆளையும் கொல்வார்கள். புயலில் மூழ்கிச் சாவதும் உண்டு. தப்பினால் திரும்பி வரச் சில வருடம். சீனக் கப்பல் காஞ்சிக்கு வந்ததாக வாட்சப் படத்தில் ஒரு வரி இருக்கிறதல்லவா? மூலத்தில் அப்படி இல்லை. கப்பல் மாறி மாறி வந்திருக்கிறார்கள், நாம் பஸ் மாறுவது போல.

11 ஜூன் 2023

அந்த இன்னொரு பொருள்.

மூன்று எழுத்து. பி, லியு, லி. நான் அப்போது எந்த எழுத்தைத் தொட்டாலும் முதலில் வரும் பொருளை எழுதிக்கொண்டு போகிற கட்டத்தில் இருந்தேன். 'பி' என்றால் நடுவில் ஓட்டை உள்ள ஜேட் வட்டு. சரி. 'லியுலி' என்று சேர்த்துப் போட்டால் அகராதி சொன்னது: வீடு வாசல் இழந்து அலைந்து திரிதல். ஆக, சீனத் தூதர் காஞ்சிக்கு வந்து முத்தும், அலைந்து திரியும் ஜேட் வட்டும், அரிய கற்களும் வாங்கிப் போனார். இதை நோட்டில் எழுதி, கீழே 'கவித்துவமான தொடர்?' என்று வேறு குறித்து வைத்திருந்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. மூன்றுக்கும் பொருளே பார்க்கக்கூடாது, ஓசை மட்டும்தான். இந்தியச் சொல் ஒன்றைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறார்கள். பிராகிருதத்தில் வேளுரிய. நம் வைடூரியம்! ஈரோடு பக்கம் கொடுமணலில் தோண்டி எடுத்தார்களே அந்தப் பச்சைக்கல் பட்டறை, படியூர்ச் சுரங்கம், அந்த வகைக் கல். பின்னாளில் 'லியுலி' சீனத்தில் கண்ணாடிக்கும் பளபளப்புப் பூச்சு ஓட்டுக்கும் பெயராகிவிட்டது. அதனால் ஹான் காலத்தில் வாங்கிப் போனது கல்லா கண்ணாடியா என்று இந்தச் சொல்லை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

அகராதி பொய் சொல்லவில்லை. அது இந்தக் காலத்து ஆளுக்குச் செய்தது, நான்தான் தவறான கடையில் போய்க் கேட்டேன். ஹான் தியன் என்ற இணைய அகராதியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே 1716-இன் காங்ஷி அகராதிப் பதிவு இருக்கும், கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் செய்த அகராதிப் பதிவும் இருக்கும். இப்போதெல்லாம் அங்கே போனால் முதலில் கீழே உருட்டிவிடுவேன்.

12 ஜூன் 2023

கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டால் போதாதா என்று கேட்டவருக்கு: இல்லை, வராது. வரும், ஆனால் இன்றைய சீனம் என்று நினைத்துக்கொண்டு பெயர்க்கும். பழைய நூலில் 'ட்சோவ்' என்றால் ஓடு, இன்று அதே எழுத்துக்கு நட. பழைய 'தாங்' வெந்நீர், இன்று சூப். பழைய நூலில் 'சீட்சு' என்றால் மனைவியும் பிள்ளைகளும், இன்று மனைவி மட்டும். போரில் தோற்றவன் மெதுவாக நடந்து போனான் என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

18 ஜூன் 2023

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் தொழிலே மெய்ப்புப் பார்ப்பது.

பத்தியின் வழியில் திரும்பும் பயணமும் வருகிறது. ஹுவாங்ஜியிலிருந்து 8 மாதத்தில் பிட்சோங், இன்னும் 2 மாதத்தில் ரினானின் ஷியாங்லின் எல்லை. நான் பதிவிறக்கிய பிரதியில் அந்த வாக்கியம் 'ஷியாங்லின் எல்லை மேகம்' என்று முடிந்தது. ஷியாங்லின் என்ற எழுத்துகளுக்கு யானைக் காடு என்று பொருள். யானைக் காட்டின் எல்லை மேகம்! சங்கப் பாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பகுதிக்கு மேகத்தை வைத்து எல்லை குறித்தார்களோ என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன்.

நடந்தது இது. 'யுன்' என்ற எழுத்துக்குப் பழைய பொருள் 'சொல்வது'. மேகத்துக்கான எழுத்து அதே வடிவத்தின் தலையில் மழையைப் போட்டது. 1950-களில் சீனாவில் எழுத்தை எளிதாக்கியபோது மேகத்திலிருந்து மழையை எடுத்துவிட்டார்கள், இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிறகு யாரோ எளிய எழுத்தில் இருந்த ஹான்ஷுவை நிரல் போட்டுப் பழைய எழுத்துக்குத் திருப்பியிருக்கிறார். நிரல் எல்லா யுன்னுக்கும் மழையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எந்தத் தளம் என்று கேட்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தவனை ஏன் திட்ட வேண்டும்?

சரியான எழுத்தைப் போட்டதும் வாக்கியம் எப்படி முடிகிறது? '...எல்லையை அடையலாம், என்ப.' நம் தொல்காப்பியத்தில் வருகிற அதே என்ப. என்மனார் புலவர். பான் கு போகவில்லை, பார்க்கவில்லை. சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். வாட்சப் படத்தில் விட்டுப்போன ஒரே எழுத்து அதுதான்.

இதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தட்டச்சுப் பிரதி எதுவானாலும் அச்சுப் பதிப்பின் படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் நம்புவது. சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்டிலேயே பழைய பதிப்புகளின் படங்கள் ஏராளம்.

19 ஜூன் 2023

நேற்று 'என்ப' என்று துள்ளியதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். வாக்கியக் கடைசியில் வரும் யுன்னுக்கு எப்போதும் பொருள் இருக்க வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் அது வாக்கியத்தை முடித்து வைக்கும் அசைநிலை மட்டும்தான், நம் ஏகாரம் போல. இந்த இடத்தில் செவிவழிச் செய்தி என்று எடுப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நிச்சயம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

24 ஜூன் 2023

'ஹுவாங்ஜி எங்கே, காஞ்சி எங்கே, ஒலி ஒட்டவே இல்லையே' என்று ஒருவர் கேட்டது நியாயம். ஆனால் ஹுவாங்ஜி என்பது இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பு. 2000 வருடத்துக்கு முன் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாக்ஸ்டர், சகார் என்ற இருவர் பழஞ்சீன ஒலிகளை மீட்டுருவாக்கி 2014-இல் நூலாக வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கான பட்டியல் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. விக்சனரியிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே கொடுத்திருப்பார்கள்.

பார்த்தேன். க்வாங்ச்யெ! வேகமாகச் சொல்லிப் பாருங்கள். காஞ்சி வந்துவிட்டதா இல்லையா?

25 ஜூன் 2023

வரவில்லை. நேற்று எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், தண்டனையாக.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு நெடுவரிசை. ஒன்று பழஞ்சீனம், மற்றது அதற்குப் பல நூற்றாண்டு பிந்தைய இடைக்காலச் சீனம். பழஞ்சீனத்தில் முதல் எழுத்து க்வாங் போல, இரண்டாவது கெ போல: க்வாங்கெ. இடைக்காலத்தில் ஹ்வாங், ச்யெ. நான் முதல் எழுத்தைப் பழைய வரிசையிலிருந்தும் இரண்டாவதைப் புதிய வரிசையிலிருந்தும் பொறுக்கி ஒட்டவைத்திருக்கிறேன். இப்படி எடுத்தால் க்வாங்ச்யெ என்ன, கும்பகோணமே வரும்.

இடையில் ஒரு கட்டத்தில் கெ, ச்யெ ஆகியிருக்கும். முதல் எழுத்தின் க போவதற்கு முன்பே அது நடந்திருந்தால் என் ஒட்டு செல்லும். வரிசை அப்படித்தானா, பான் கு காலத்துக்குள் நடந்ததா என்பதுதான் கேள்வி. மீட்டுருவாக்கிய ஒலிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். கணித்தது, கேட்டதல்ல என்று பொருள். எனக்கு அந்த நட்சத்திரம் நேற்று கண்ணில் படவே இல்லை.

2 ஜூலை 2023

காண்டாமிருகம் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்தேன், கேட்டுவிட்டீர்கள்.

ஆம், அதே பத்தியில் இருக்கிறது. பேரரசர் பிங் காலத்தில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த வாங் மாங், தன் பெருமையைக் காட்ட, ஹுவாங்ஜி அரசனுக்கு நிறையப் பரிசு அனுப்பி, தூதர் மூலம் உயிருள்ள காண்டாமிருகம் அனுப்பச் சொன்னான். இங்கே ஆண்டு துல்லியமாக இல்லை. அதே நூலின் பிங் ஆண்டுக்குறிப்பில் போய்ப் பார்த்தால் யுவான்ஷி 2ஆம் ஆண்டு வசந்தத்தில் 'ஹுவாங்ஜி நாடு காண்டாமிருகம் கொடுத்தது' என்று ஒரே வரி. யுவான்ஷி 2 என்பது கி.பி. 2. ஆட்சியாண்டை நம் ஆண்டாக மாற்ற அகாதெமியா சினிகாவில் ஒரு கருவி இருக்கிறது. தைவானின் தர்ம ட்ரம் பௌத்தக் கல்வி நிறுவனமும் ஒன்று வைத்திருக்கிறது. ஹோமர் டப்ஸ் ஆண்டுக்குறிப்புகளையும் வாங் மாங் வரலாற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார், அதனால் இந்த ஒரு வரிக்காவது துணை உண்டு. புவியியல் பகுதி அவர் பெயர்ப்பில் இல்லை.

காஞ்சியில் காண்டாமிருகம் ஏது? எனக்கும் அதே உறுத்தல்தான். சுமத்ராவில் உண்டு என்பது தெரிந்ததே. வேறிடத்திலிருந்து வாங்கி அனுப்பியிருக்கலாம், நாமே கேட்டால் அப்படித்தானே செய்வோம். ஹுவாங்ஜி காஞ்சிதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அடையாளம். நான் அதை மறுக்கவில்லை. படத்தில் 'காஞ்சிபுரம் என்று எழுதியிருக்கிறது' என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். எழுதியிருப்பது ஹுவாங்ஜி. காஞ்சி என்பது நம் முடிவு.

9 ஜூலை 2023

காஞ்சிபுரம் என்று அச்சாக எழுதியிருப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் 600 வருடம் தள்ளி வாருங்கள். யுவான் சுவாங்.

சிபெட்டா என்ற தளம். தைவானில் 1998-இல் தொடங்கிய சீனப் பௌத்த மின்னூல் தொகுப்பு. நம் தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டமும் அதே 1998 பொங்கலுக்குத்தான் தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அங்கே 2087 என்ற எண்ணைப் போட்டால் அவருடைய மேற்குநாட்டுக் குறிப்புகள் திறக்கும், 646-இல் முடித்தது. 10ஆம் பகுதியில் தலுவோபிது, அதாவது திராவிடம். தலைநகர் ஜியான்ஜிபுலுவோ. இங்கே ஐயமே இல்லை, காஞ்சிபுர. சுற்றளவு 30 லி (சீன தூர அளவு) சொச்சம். பௌத்த மடங்கள் நூற்றுக்கு மேல், துறவிகள் பத்தாயிரத்துக்கு மேல், எல்லோரும் ஸ்தவிர மரபினர் (பழைய பௌத்தப் பிரிவு). தேவர் கோயில்கள் 80-க்கு மேல், ஆடையில்லாத் துறவிகள் நிறைய. பௌத்த அறிஞர் தர்மபாலர் பிறந்த ஊர் என்கிறார்.

முந்தைய பக்கத்திலேயே சோழம் வருகிறது. காடும் சதுப்பும், குடி குறைவு, கொள்ளைக் கூட்டம் பகிரங்கமாகத் திரிகிறது என்று ஒரே புலம்பல். வாட்சப்பில் அதை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

16 ஜூலை 2023

தடம் மாறுகிறது, ஆனாலும். யுவான் சுவாங், ஹுவான் சுவாங், ஹியூன் சாங், சுவான்சாங்: நான்கும் ஒரே ஆள். பள்ளிப் பாடத்தில் ஒன்று, பழைய ஆங்கில நூலைப் பார்த்தவர் ஒன்று, பின்யின் (சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுத இன்று வழங்கும் முறை) பார்த்தவர் ஒன்று. எந்தத் தளத்தில் தேடினாலும் முதலில் பின்யின் எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெய்ஜிங்கை பீகிங் என்று எழுதிய தலைமுறையின் நூல்கள் வேறு முறையில் இருக்கும், மாற்றுப்பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது.

தமிழில் எழுதும்போது எனக்கு ஒரு ஆசை. சீனத்தின் ர நாக்கை மடித்துச் சொல்வது, நம் ழகரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். 'ரினான்' என்று மேலே எழுதினேனே, 'ழினான்' என்றால் இன்னும் கிட்ட வரும். எழுதினால் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

30 ஜூலை 2023

ஹார்வர்டின் சீன வாழ்க்கை வரலாற்றுத் தரவுத்தளத்தை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: 5 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் 7ஆம் நூற்றாண்டு முதல் 19 வரை. ஹான் காலத்துக்குப் போனால் காற்று வாங்கும். ஹார்வர்டும் ஃபூடான் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வரலாற்று நிலவரைபடத் தரவு பரவாயில்லை. ஹெபு இன்றைய குவாங்ஷியின் பெய்ஹாய் பக்கம், ஷுவென் லெய்ஜோவ் தீபகற்பத்தின் நுனி, ரினான் நடு வியட்நாம் என்று வரைபடத்தில் குத்திப் பார்க்கலாம். அதற்குமேல் கடல். துயுவானும் யிலுமோவும் எங்கே என்று எந்தத் தளத்தைக் கேட்டாலும் ஒரு ஊகத்தைத்தான் நீட்டும்.

14 ஜனவரி 2024, போகி

கேள்வி கேட்டவர் ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். ஒரு ஞாயிறு என்றவர், இப்போது 200 எழுத்து தெரியும் என்கிறார். பத்தியின் கடைசி வரியைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்: ஹுவாங்ஜிக்குத் தெற்கே யிசெங்பு என்றொரு நாடு, ஹானின் மொழிபெயர்ப்புத் தூதர்கள் அங்கிருந்து திரும்பிவிட்டார்கள். 'தெற்கே என்றால் இலங்கையா அண்ணா?'

இலங்கை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒலிக்குப் போவதற்கு முன் அந்த முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். யி, ஜி, சி என்று மூன்று எழுத்துகள் கிட்டத்தட்ட ஒரே உருவம். இடது பக்கக் கோடு மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் வித்தியாசம்: பாதி ஏறினால் யி, ஏறாவிட்டால் ஜி, முழுக்க ஏறி மூடிவிட்டால் சி. மரக்கட்டையில் செதுக்கியவன் கை கொஞ்சம் தூக்கினால் நாட்டின் பெயரே மாறிவிடும். நீங்கள் போட்ட படத்தில் எனக்கு அது பாதிக்குக் கொஞ்சம் மேலே தெரிகிறது. என் கண்ணாடியும் பழசு. வேறு பதிப்பின் படம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன், பழைய பாயெல்லாம் கொளுத்திவிட்டு வந்து பார்க்கிறேன்.